நீச்சற் போட்டியும் பயிற்சித் தணிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று எனத் தெற்கே பொத்துவில் வரை நீளும் கரையோரத்துக்கு ஒரு புறம் கடலும் மறுபுறம் வயலும் எல்லை. இவ்வூர்களின் வாழ்வு இவ்விரண்டுக்கும் இடையே அமைந்தது. இங்குள்ள உழவரிடம் வழிவழியாக வந்த பழக்கம் ஒன்றுண்டு. விதைத்த நாள் தொடக்கம் நீருக்காக வாய்க்காலோடும் வட்டவிதானையோடும் போராடியவர், கதிர் முற்றி அறுவடை நெருங்கும்போது தாமே வரம்பை வெட்டி நீரை வடித்துவிடுவார். பயிரை அறியாதவன் இதனைக் கண்டால், இத்தனை நாள் காத்த வேளாண்மையைக் கடைசியிற் கைவிட்டான் என்றே எண்ணுவான். ஆனால் நீரைப் பாய்ச்சுவதைப் போலவே நீரை வடிப்பதும் வேளாண்மைத் தொழிலின் ஒரு கூறாகும். அதற்குரிய நாளை அறிவதே அனுபவம்.

நீச்சற் போட்டிக்கு ஆயத்தமாவோரிடையேயும் இதனையொத்த முறை ஒன்று வழங்குகின்றது. பல மாதங்கள் காலையும் மாலையும் கடும் பயிற்சி செய்த வீரன், போட்டிக்கு இரண்டு மூன்று வாரங்கள் இருக்கும்போது தான் நீந்தும் தூரத்தைப் படிப்படியாகக் குறைக்கின்றான். ஆங்கிலத்தில் இதனை ‘டேப்பர்’ என்பர். அடி பருத்து நுனி மெலிந்து செல்லும் பொருளின் வடிவத்தைக் குறிக்கும் சொல் அது. தமிழில் இதனைப் பயிற்சித் தணிப்பு எனலாம். தணிப்பு என்பது பயிற்சியை நிறுத்துவதன்று. தூரம் குறையும், வேகம் குறையாது. நீருக்குள் இறங்கும் நாட்களும் பெரிதாகக் குறைவதில்லை. பத்துக் கிலோமீற்றர் நீந்தியவன் நான்கு கிலோமீற்றர் நீந்துவான். ஆயினும் அந்நான்கினுள் போட்டியின் வேகத்தில் நீந்தும் பகுதிகள் தவறாது இடம்பெறும்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இம்முறை நடைமுறைக்கு வர நெடுங்காலம் சென்றது. அதன் பயன் அளந்து நிறுவப்படுவதற்கு மேலும் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. இத்தாமதத்துக்கு அறிவின் குறைபாடு மட்டும் காரணமன்று. உழைத்துப் பழகிய மனிதன் உழைப்பைக் குறைப்பதற்கு அஞ்சுகின்றான். அந்த அச்சம் எவ்வாறு மெல்ல மெல்ல வெல்லப்பட்டது என்பதே பயிற்சித் தணிப்பின் வரலாறு எனலாம்.

நவீன நீச்சற் போட்டி முதலில் திறந்த நீரிலேயே நடைபெற்றது. 1896 இல் ஏதென்ஸ் ஒலிம்பிக் போட்டியில் வீரர்கள் கடலில் நீந்தினர். 1900 இல் பாரிசில் சேன் நதியில் நீந்தினர். 1908 இல் இலண்டனிலேயே முதன்முதலாக விளையாட்டரங்கினுள் அமைத்த 100 மீற்றர்த் தொட்டி பயன்படுத்தப்பட்டது. 1924 இல் பாரிசில் 50 மீற்றர்க் குளமும் தடங்களைப் பிரிக்கும் அடையாளங்களும் வந்தன. இம்மாற்றம் தணிப்பின் வரலாற்றுக்கு அடிப்படையானது. நீரோட்டமும் அலையும் உள்ள இடத்தில் நேற்றைய வேகத்தையும் இன்றைய வேகத்தையும் ஒப்பிடல் அரிது. நீர் அசையாது நின்று தூரம் அளவுக்குள் வந்த பின்னரே, ஒரு வீரன் களைத்திருக்கின்றானா, தேறியிருக்கின்றானா என்பதைக் கடிகாரம் காட்டக்கூடியதாயிற்று.

ஆயினும் அக்காலத்தில் தணிப்புக்குத் தேவை எழவில்லை. தணிப்பதற்கு முதலில் மிகுதியான பயிற்சி இருத்தல் வேண்டும். 1922 இல் 100 மீற்றரை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் மனிதரான ஜொனி வைஸ்முல்லர் காலத்து வீரர்கள், பிற்காலத்தவரோடு ஒப்பிடுகையில் மிகக் குறைந்த தூரமே நீந்தினர். மிகையான பயிற்சி உடலின் உயிர்ப்பை உறிஞ்சி வீரனைச் சலிப்படையச் செய்யும் என்பது அன்றைய பயிற்சியாளர் பலரின் எண்ணம். 1932 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான ஆறு நீச்சற் போட்டிகளுள் ஐந்தை யப்பானிய வீரர்கள் வென்றனர். 1,500 மீற்றரை வென்ற குசுவோ கிட்டமுரா 14 வயதுச் சிறுவன். இந்நிகழ்ச்சி பழைய எண்ணத்தை அசைத்தது. திட்டமிட்டுக் கூடுதலாக நீந்தினால் உடல் அழியாது, வளரும் என்ற கருத்து வலுப்பெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்ப் பயிற்சியின் தூரம் ஆண்டுக்கு ஆண்டு கூடியது. அதனோடு களைப்பும் கூடியது. ஓய்வு ஒரு பிரச்சினையாக உருவெடுத்தது இந்த இடத்திலேதான்.

இப்பிரச்சினையை முதலில் முறையாக ஆராய்ந்தவர்கள் அவுஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். அங்கு உடற்றொழிலியற் பேராசிரியராக இருந்த பிராங்க் கொட்டனும் அவருடைய மாணவராயிருந்து விரிவுரையாளரான போப்ஸ் கார்லைலும் 1940 களின் பிற்பகுதியில் நீச்சல் வீரரின் உடலைச் சோதனைக்குரிய பொருளாகக் கொண்டனர். கார்லைல் விரிவுரை மண்டபத்துக்கும் நீச்சற் குளத்துக்கும் இடையே வாழ்ந்தவர். 1948 இல் இலண்டன் ஒலிம்பிக்குக்குச் சென்ற அவுஸ்திரேலிய நீச்சற் குழுவுக்குப் பயிற்சியாளராகவும், 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஐந்திறப் போட்டியில் ஒரு வீரராகவும் கலந்துகொண்டார். போட்டிக்கு முந்திய வாரங்களிற் பயிற்சியைக் குறைத்தால் வீரனின் நேரம் குறைகின்றது என்பதை அவர்கள் கண்டனர். அம்முறைக்கு டேப்பர் என்ற பெயர் நீச்சல் உலகில் நிலைத்ததும் இவ்விருவராலேயே என்பர்.

இக்கண்டுபிடிப்பில் நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. கடும் பயிற்சிக் காலத்தில் வீரனின் நேரம் சில வேளைகளில் மோசமடையும். பழைய பயிற்சியாளர் இதனைச் சோம்பல் என்று கருதி மேலும் தூரத்தைக் கூட்டுவார். களைப்பு வளர்ச்சியை மறைத்துக் கொண்டிருக்கின்றது என்பதே இதற்கு மாறான விளக்கம். உழைப்பின் பயன் உடலில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. அதன்மேல் களைப்பு என்னும் திரை கிடக்கின்றது. திரையை நீக்குவதற்குப் பயிற்சியைத் தணித்தல் போதுமானது. ஓய்வு புதிய ஆற்றலைத் தருகின்றது என்பதிலும், உள்ள ஆற்றலை வெளிப்படுத்துகின்றது என்பதே பொருத்தம்.

உலகம் இம்முறையைத் திரும்பிப் பார்த்தது 1956 இல். அவ்வாண்டு மெல்பேர்ண் ஒலிம்பிக்குக்கு முன்னர், குளிர்காலத்தில் வெப்பம் நாடி வடக்கே டவுன்ஸ்வில் நகரில் அவுஸ்திரேலியக் குழு நீண்ட பயிற்சி பெற்றது. போட்டியில் ஆண்கள், பெண்கள் ஆகிய இரு பாலாரின் எல்லாச் சுதந்திரப் பாணிப் போட்டிகளையும் அவுஸ்திரேலியர் வென்றனர். நீச்சலின் 13 தங்கப் பதக்கங்களுள் 8 அவர்களுக்கே கிடைத்தன. ஜோன் ஹென்ரிக்ஸ், மறே ரோஸ், டோன் பிரேசர் ஆகியோர் பெயர்கள் எங்கும் பரவின. கடும் பயிற்சி, அதனைத் தொடர்ந்த தணிப்பு, போட்டிக்கு முன் உடல் உரோமத்தை மழித்தல் ஆகிய மூன்றும் அவர்களின் வழக்கமாக இருந்தன. விரைவில் ஏனைய நாட்டினரும் இவற்றைப் பின்பற்றலாயினர்.

ஐக்கிய அமெரிக்காவில் இப்போக்கை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் இந்தியானாப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கவுன்சில்மன். நீருக்கடியிற் படம் பிடித்து வீரரின் கைவீச்சை ஆராய்ந்த அவர், 1968 இல் நீச்சலின் விஞ்ஞானம் பற்றி எழுதிய நூல் பயிற்சியாளர்களுக்குக் கைந்நூலாயிற்று. அவ்வாண்டு மெக்சிக்கோவில் ஆறு தங்கம் பெறுவதாகப் பேசி, அஞ்சலோட்டங்களில் மட்டும் இரண்டு பெற்றுத் திரும்பிய மார்க் ஸ்பிட்ஸ், பின்னர் இந்தியானாவில் கவுன்சில்மனிடம் பயின்றார். 1972 இல் மியூனிக் நகரில் ஏழு போட்டிகளில் ஏழு தங்கங்களையும் ஏழு உலக சாதனைகளையும் பெற்றார். அதே களத்தில் கார்லைலின் மாணவியான 15 வயதுச் ஷேன் கோல்ட் மூன்று தங்கப் பதக்கங்களை உலக சாதனைகளோடு வென்றாள். ஒரு நான்காண்டுக் காலத்தின் உழைப்பு முழுவதையும் ஒரே வாரத்தில் மலரச் செய்வது எவ்வாறு என்ற வினா இப்போது பயிற்சியாளர் ஒவ்வொருவர் முன்னும் நின்றது.

அதுவரை தணிப்பு ஒரு கைப்பக்குவமாகவே இருந்தது. ஒருவர் ஒரு வாரம் என்பார். மற்றொருவர் ஒரு மாதம் என்பார். 1970 களின் நடுப்பகுதியில் கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் பனிஸ்டரும் அவருடைய குழுவினரும் இதற்குக் கணித வடிவம் தந்தனர். ஒவ்வொரு நாட் பயிற்சியும் உடலில் இரண்டு விளைவுகளை விட்டுச் செல்கின்றது. ஒன்று தகுதி, மற்றது களைப்பு. களைப்பு அளவிற் பெரிது, ஆயினும் விரைவில் மறையும். தகுதி சிறிது, ஆயினும் நெடுநாள் நிற்கும். வீரனின் திறன் இவ்விரண்டுக்கும் இடையிலான மீதி. பயிற்சி தணியும்போது களைப்பு முதலில் வடிகின்றது. தகுதி பின்னரே தேய்கின்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட அச்சில நாட்களே போட்டிக்கு உரியன.

இக்கருத்தை நீரிற் சோதித்தவர் அமெரிக்காவின் போல் ஸ்டேட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் டேவிட் கொஸ்டில். 1985 இல் வெளியான அவரது குழுவின் ஆய்வில், கல்லூரி நீச்சல் வீரர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 யாராக இருந்த தூரத்தை 15 நாட்களில் 3,200 யார் வரை குறைத்தனர். மூன்றில் இரண்டு பங்கு உழைப்பைக் கைவிட்ட அவர்களின் தாங்குதிறன் குன்றவில்லை. கைகளின் வலு ஏறத்தாழ 18 முதல் 25 சதவீதம் வரை கூடியது. போட்டியில் அவர்களின் நேரமும் சுமார் 3 சதவீதம் முன்னேறியது. நீண்ட தூரம் நீந்தி நீந்தி வீரர்கள் தமது வலுவைத் தாமே மறைத்திருந்தனர் என்பது இதனால் தெரியவந்தது.

2000 ஆம் ஆண்டுச் சிட்னி ஒலிம்பிக்குக்கு முந்திய மூன்று வாரங்களில் வீரர்களின் 99 போட்டி நேரங்களை ஒப்பிட்டார் பாஸ்க் நாட்டு ஆய்வாளர் இனிகோ முஹிக்கா. அவற்றுள் 91 முன்னேறியிருந்தன. சராசரி முன்னேற்றம் 2.2 சதவீதம். இஃது அற்பம் எனத் தோன்றலாம். இரண்டு நிமிடப் போட்டியில் இது இரண்டரைச் செக்கனுக்கு மேற்பட்டது. அந்த ஒலிம்பிக்கிலே தங்கம் பெற்றவருக்கும் நான்காம் இடத்தவருக்கும் இடையிலான வேறுபாடு சராசரியாக 1.62 சதவீதமே என்பதை நோக்கும்போது, தணிப்பு தந்த ஆதாயம் மேடையிலேறும் வீரனுக்கும் பார்வையாளனாய் நிற்கும் வீரனுக்கும் இடையிலான தூரத்தினும் பெரிதாயிருந்தது புலனாகும். 2007 இல் லோரன்ட் பொஸ்கேயும் குழுவினரும் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, ஏறத்தாழ இரண்டு வாரம், தூரத்தில் 41 முதல் 60 சதவீதம் வரை குறைப்பு, வேகத்திலும் பயிற்சி நாட்களிலும் மாற்றமின்மை என்பதே சிறந்த அளவு என முடிவு கண்டனர். கைப்பக்குவம் கணக்காயிற்று.

எனினும் கணக்கு வந்த பின்னும் அச்சம் முற்றாக நீங்கவில்லை. தணிப்பின் முதல் நாட்களில் உடல் சில வேளை பாரமாகத் தோன்றும். பழகிய உழைப்பு இன்மையால் மனம் அலைபாயும். எதிராளி இந்நேரம் நீந்திக்கொண்டிருப்பான் என்ற எண்ணம் இரவில் வந்து வாட்டும். இதனால் இரகசியமாகக் குளத்துக்குச் சென்று தூரத்தைக் கூட்டி, திரட்டிய பயனைத் தாமே கெடுத்துக்கொள்வோர் உண்டு. ஓய்வெடுத்தல் என்பது செய்த வேலையின்மேல் வைக்கும் நம்பிக்கை. உழைக்காதவனுக்கு அந்நம்பிக்கை கிடைப்பதில்லை. ஆகவே, தணிப்பு உழைத்தவனுக்கு மட்டுமே உரியது.

இதுவரை கண்டது குளத்தின் கதை. குளத்துப் போட்டிக்கு நாளும் வேளையும் முன்னரே குறிக்கப்படும். கடலுக்கு அத்தகைய நாள் இல்லை. இதனை விளக்குவதற்குத் தமிழர் நன்கறிந்த பாக்கு நீரிணையே தக்க சான்று. தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954 இல் ஏறத்தாழ 27 மணி நேரம் நீந்தி இந்நீரிணையை முதன்முதலாகக் கடந்தார். 1966 ஏப்ரலில் வங்காளத்தவரான மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடியை 25 மணி 36 நிமிடத்தில் அடைந்தார். 1971 இல் வல்வெட்டித்துறை வி. எஸ். குமார் ஆனந்தன் அக்கரை சென்று அங்கேயே திரும்பி மீண்டும் இக்கரை சேர்ந்தார். 51 மணி நேரம் எடுத்த அந்நீச்சல் அவருக்கு ஆழிக்குமரன் என்ற பெயரைப் பெற்றுத் தந்தது. 1994 இல் தமிழ்நாட்டின் குற்றாலீஸ்வரன் 12 வயதுச் சிறுவனாகப் பாக்கு நீரிணையை நீந்தினான். அவ்வாண்டிலேயே ஆங்கிலக் கால்வாய் உட்பட ஆறு நீரிணைகளை நீந்தி முடித்தான்.

நெடுங்கடல் நீந்துவோன் தணிப்பைத் தொடங்கும் நாளைத் தானே தீர்மானிக்க இயலாது. பருவக்காற்று இரண்டுக்கும் இடையே கடல் அடங்கும் நாட்களை அவன் எதிர்நோக்குகின்றான். ஆங்கிலக் கால்வாயில் நீரேற்றம் தணிந்த வாரத்தை முன்னரே குறித்துக்கொள்வர். ஆயினும் காற்று மாறினால் கரையிற் காத்திருத்தல் வேண்டும். தணிப்பு நீண்டால் தகுதி தேயும். மீண்டும் கடுமையாக நீந்தினால் களைப்புத் திரும்பும். குளத்தின் விஞ்ஞானத்தை எழுதிய கவுன்சில்மனே 1979 இல் 58 ஆம் வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்தி, அதுவரை அதனைக் கடந்தோருள் மூத்தவரானார். அதே கால்வாயில் 1984 ஓகஸ்ட் 6 இல் ஆழிக்குமரன் ஆனந்தன் உயிர் நீத்தார். பாக்கு நீரிணையின் வெம்மையிற் பழகிய ஒருவருக்கு அக்குளிர்நீர் முற்றிலும் வேறான உலகம். எத்துணைச் சிறந்த ஆயத்தமும் கடலுக்கு உறுதிமொழி கேட்க இயலாது என்பதை அம்மரணம் நினைவூட்டுகின்றது.

அம்பாறைக் கரையோரத்து இளைஞனுக்கு இவ்வரலாறு இரண்டு இடங்களில் நேரடியாகப் பொருந்துகின்றது. முதலாவது, கடலின் ஆண்டு. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் நவம்பர் தொடக்கம் சனவரி வரையான மாதங்களில் இக்கடல் கொந்தளிக்கும். கரைவலைக்காரரும் வலையைக் கரையேற்றிவிடுவர். கடலை மட்டும் நம்பிப் பயில்பவனுக்கு இஃது ஓய்வுக் காலம்போலத் தோன்றும். ஆனால் இது தணிப்பன்று. சில வாரங்கள் முற்றாக நீந்தாதுவிட்டால் நீச்சலுக்குரிய வலு குன்றுகின்றது என்பதும் ஆய்வாளர் கண்டதே. கடல் தரும் ஓய்வு வலிந்து வந்தது. அதற்கு அளவும் நோக்கமும் இல்லை. தணிப்போ அளந்து கொள்வது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, பருவம் முடிந்ததும் போட்டிக்கு விரைபவன், நீர் வடித்த வயலையும் நீரின்றிக் கருகிய வயலையும் ஒன்றெனக் கருதுபவனை ஒப்பான்.

இரண்டாவது, நோன்பு. பிறைக் கணக்கின்படி ரமழான் ஆண்டுதோறும் பத்து அல்லது பதினொரு நாட்கள் முன்நகர்வதால், எந்தப் போட்டிப் பருவமும் என்றேனும் ஒருநாள் நோன்பு மாதத்தைச் சந்தித்தே தீரும். 2012 இல் இலண்டன் ஒலிம்பிக் ரமழானிலேயே நடைபெற்றது. முஸ்லிம் வீரர்கள் எதிர்நோக்கிய இவ்வினா அப்போது உலக அளவிற் பேசப்பட்டது. பகலில் உணவும் நீரும் இன்றி, இரவில் தராவீஹும் ஸஹரும் உறக்கத்தைப் பிரிக்கும் நாட்களில் பயிற்சி தானாகவே குறையும். அதனால் நோன்பையே தணிப்பு எனக் கொள்ளும் எண்ணம் எழக்கூடும். இதுவும் பிழை. தணிப்பின் உயிர், குறைந்த உழைப்போடு நிறைந்த உணவும் நிறைந்த உறக்கமும் சேர்வதில் உள்ளது. தசைகளிற் சேமிக்கப்படும் சக்தி நிரம்புவதும் அதனாலேயே. நோன்பு வேறொரு நோக்கத்துக்கு உரியது. அதன் சிறப்பும் வேறு. நோன்பு நோற்கும் வீரன் பயிற்சியை இஃப்தாரை ஒட்டிய வேளைக்கு மாற்றியும், தூரத்தைக் குறைத்து வேகத்தைக் காத்தும், உறக்கத்துக்குப் பகலிற் சிறிது இடந்தந்தும் தன் தகுதியைப் பேணலாம். தணிப்பைத் தொடங்கும் நாளைப் பெருநாளுக்குப் பின் வைத்துக்கொள்ள இயலுமாயின் அதுவே நன்று.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. பயிற்சித் தணிப்பு குளத்தங்கரையிற் பிறந்ததாயினும் அதனை வளர்த்தவை பல்கலைக்கழகங்கள். சிட்னி, இந்தியானா, சைமன் பிரேசர், போல் ஸ்டேட் ஆகிய இடங்களில் விரிவுரையாளரும் வீரரும் ஒருவரையொருவர் தேடிச் சென்றமையாலேயே கைப்பக்குவம் அறிவாயிற்று. இலங்கையின் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான விளையாட்டு விழாவிலும் நீச்சல் இடம்பெறுகின்றது. ஒலுவில் மணற்கரையிலே ஒரு பல்கலைக்கழகம் நிற்கின்றது. இக்கரையோரத்துக்குக் கடல் விளையாட்டுத் திடல் மாத்திரமன்று. 2004 டிசம்பர் 26 இன் பின்னர் அது பிள்ளைகளுக்கு நீந்தக் கற்பிக்கலாமா என்று பெற்றோரைத் தயங்கச் செய்த கடலுமாகும். அத்தயக்கம் தீர, நீச்சல் அளந்து கற்பிக்கப்படும் கல்வியாக மாறுதல் வேண்டும். எவ்வளவு நீந்துவது என்பதோடு எப்போது குறைப்பது என்பதையும் அறிந்த பயிற்சியாளரிடமே ஒரு தாய் தன் பிள்ளையை நம்பி ஒப்படைப்பாள்.

விதைப்பைக் கற்றவன் பாதி உழவன். நீரை வடிக்கும் நாளை அறிந்தவனே முழு உழவன். கல்முனைக் கரையிலிருந்து ஒரு வீரன் ஒருநாள் போட்டிக் குளத்தின் தொடக்க மேடையில் ஏறுவானாயின், அவனுக்குத் துணை நிற்பவை அவன் நீந்திய கிலோமீற்றர்களும், கடைசி இரண்டு வாரங்களில் அவன் துணிந்து நீந்தாதுவிட்ட கிலோமீற்றர்களுமே ஆகும்.